செருப்புக் கடையில் காட்சிப்படுத்தல்: அடம்பன் சந்தியில் கற்றவை

பெரியமடுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி சென்ற மாதம் என்னைத் தேடி அடம்பனுக்கு வந்தார். செருப்பு, சாண்டல்ஸ் வியாபாரம் தொடங்கப் போகிறாராம். கையிலிருந்த தொலைபேசியில் கொழும்பிலுள்ள பெரிய கடையொன்றின் படத்தைக் காட்டினார். வெள்ளைச் சுவர், கண்ணாடித் தட்டுகள், தட்டுக்கு ஒரேயொரு செருப்பு, மேலே மஞ்சள் ஒளி வீசும் சின்னச் சின்ன மின்குமிழ்கள். "நானா, இதே மாதிரிச் செய்ய மூன்று இலட்சம் கேட்கிறார்கள். செய்யட்டுமா?" என்றார். அவருடைய முழு முதலே எட்டு இலட்சம் ரூபா. அதில் பாதி மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று.

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் கேட்கும் புத்திமதி வீதியைத் தாண்டும் முன்னரே மறந்து போகும். ஆகவே இருத்தி வைத்துப் பேசினேன். அவரிடம் சொன்னவற்றையும், அன்று சொல்ல மறந்து பிறகு நினைவுக்கு வந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். செருப்பு வியாபாரம் செய்யாதவர்களுக்கும் இதில் சில விடயங்கள் பயன்படலாம்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு செருப்புக் கடையில் வேலைக்கு நின்றேன். யுத்தம் முடிந்து, அடம்பனைச் சுற்றியுள்ள சனங்கள் இடம்பெயர்ந்த இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக் கொண்டிருந்த காலத்தில், 2011 இல், இந்தச் சந்தியில் ஒரு சிறிய கடையை வாடகைக்கு எடுத்தேன். இது கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற பூமி. சனங்கள் சேற்றிலும் வரம்பிலும் நடப்பவர்கள். செருப்புத் தேயும், வார் அறும், திரும்பவும் வாங்குவார்கள். வியாபாரம் நடக்காமல் எங்கே போகும் என்று எண்ணினேன்.

நடக்கவில்லை. முதல் எட்டு மாதம் வாடகைக்கே திண்டாட்டமாக இருந்தது.

அப்போது என் கடை இருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். வாசலுக்குக் குறுக்கே ஒரு நீள மேசை. மேசைக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் கூரை வரை பெட்டிகள். ஒவ்வொரு சோடியும் புறக்கோட்டையிலிருந்து வந்த அதே பொலித்தீன் பைக்குள். தூசி படாமல் இருக்க வேண்டுமே! வாசல் நிலையிலிருந்து மாலை போல ரப்பர் செருப்புகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தேன். விலை எதிலும் இல்லை. விலை என் தலைக்குள் இருந்தது.

ஒருநாள் பின்னேரம் ஒரு தாய், பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தொங்கிய செருப்பொன்றைப் பிடித்துத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். இன்னொன்றையும் திருப்பிப் பார்த்தார். "என்ன வேணும் தங்கச்சி?" என்று கேட்டேன். "சும்மா பார்த்தனான்" என்று சொல்லிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளையின் காலில் புதுச் செருப்பு. பஸ்ஸேறி மன்னாருக்குப் போய் வாங்கியிருக்கிறார்கள். அதே செருப்பு, அதே கம்பனி. என் விலையை விட அங்கே இருபது ரூபா கூட. பஸ் காசு வேறு.

பல மாதங்களுக்குப் பிறகு, பழக்கமான பின்னர், அந்தத் தங்கச்சியிடமே கேட்டேன். "விலையைக் கேட்டுப் போட்டு வாங்காமல் போக வெட்கமாக் கிடந்தது நானா. அங்க எழுதிப் போட்டிருந்தாங்கள்" என்றார்.

சகோதரர்களே, இதைக் கொஞ்சம் சிந்தித்துப் பாருங்கள். முகாமிலிருந்து வந்து தகரக் கொட்டிலில் குடியிருக்கும் ஒரு பெண், தன் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு கடைக்காரன் முகத்துக்கு முன்னால் வெளிக்காட்ட விரும்பவில்லை. செருப்பின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தது விலை எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று தேடத்தான். நானோ அவர் தரத்தைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு விளங்கியது இதுதான்: செருப்புக் கடையில் காட்சிப்படுத்தல் என்பது, வாடிக்கையாளர் வாய் திறக்காமலே அவருடைய இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை. இது என்ன விலை? இது என் காலுக்கு வருமா? இவ்விரண்டுக்கும் பதில் சொல்லாத கண்ணாடித் தட்டுக்கு மூன்று இலட்சம் செலவழிப்பது வீண்.

விலையை எழுதி வைப்பது சின்ன விடயமாகத் தெரியலாம். ஆனால் செருப்பு வியாபாரத்தின் மிகப் பெரிய பெயரே அதிலிருந்துதான் எழுந்தது. எங்கள் பேச்சில் ரப்பர் செருப்புக்குப் பெயரே 'பாட்டா' தான். வேறு கம்பனி செய்ததையும் "பாட்டா ஒரு சோடி தாங்கோ" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயருக்குரிய தோமஸ் பாட்டா, இன்றைய செக் நாட்டிலுள்ள ஸ்லின் என்ற சிறிய ஊரில் 1894 இல் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து தொழில் தொடங்கியவர். முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அந்நாட்டில் கடுமையான மந்தம். செய்த சப்பாத்துகள் விற்காமல் களஞ்சியத்தில் குவிந்து கிடந்தன. 1922 இல் அவர் தன் சப்பாத்துகளின் விலையைப் பாதியாகக் குறைத்தார். தொழிலாளர் சம்பளத்திலும் பெரும் வெட்டு விழுந்தது. அதற்கு ஈடாக உணவு, உடை முதலியவற்றை அவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார். இந்த இடத்தில் நமக்கு முக்கியமானது அவர் அதை அறிவித்த விதம். விலைவாசி என்ற சொல்லின் மேல் ஒரு முஷ்டி ஓங்கிக் குத்துவது போல் சுவரொட்டி அடித்து நாடெங்கும் ஒட்டினார். கடைக்குள் வந்து கேட்டால் சொல்வேன் என்று இருக்கவில்லை. விலை தெருவுக்கு வந்தது. சனம் கடைக்குள் வந்தது.

ஒன்பதில் முடியும் விலையும் பாட்டாவோடு சேர்ந்து பரவிய பழக்கம்தான். 99, 199, 999 என்று பார்த்திருப்பீர்கள். அது பெரிய கடைகளுக்குச் சரி. நான் அதைச் செய்வதில்லை. அடம்பனில் 999 என்று எழுதினால் "மிச்சம் ஒரு ரூபா எங்கே நானா?" என்று கேட்பார்கள். கொடுக்க ஒரு ரூபாக் குற்றி இருக்காது. ஒரு ரூபாவுக்கு டொபி கொடுத்து அனுப்புகிற கடைக்காரனை யாரும் நம்புவதில்லை. 950 என்றோ 1000 என்றோ நேராக எழுதிவிடுங்கள்.

சட்டமும் இதையே சொல்கிறது என்பதை ஒரு வரியில் நினைவூட்டுகிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி விலையை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி காட்சிக்கு வைப்பது வியாபாரியின் கடமை.

இவ்வளவு தெரிந்த நானே 2022 இல் சறுக்கினேன். அந்த வருடம் மார்ச்சிலிருந்து டொலர் இருநூறு ரூபாவிலிருந்து சில வாரங்களிலேயே முந்நூற்றைம்பதைத் தாண்டிப் போனது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். இன்று வாங்கிய விலைக்கு அடுத்த கிழமை சாமான் கிடையாது. எழுதிய விலைக்கு விற்றால் அதே சோடியைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே விலைத் துண்டுகள் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டேன். கேட்பவருக்குக் கேட்கும் நாளின் விலையைச் சொல்லலாம் என்பது என் கணக்கு. பத்தே நாளில் பழைய கதை திரும்பியது. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். சாமான் விலை ஏறிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு ஏறியது என்று கேட்கத்தான் பயம். என் மகள்தான் தன் பழைய சிலேட்டையும் ஒரு பெட்டி சோக்கட்டியையும் கொண்டு வந்து வைத்தாள். அதன் பிறகு தினமும் காலையில் அழித்து எழுதினேன். விலை கூடியதற்காகச் சிலர் ஏசினார்கள். ஏசினாலும் உள்ளே வந்துதான் ஏசினார்கள்.

விலையை எப்படி எழுதுவது? செருப்பின் அடியில் ஒட்டும் சின்னத் துண்டு போதாது. போஸ்ட்காட் அளவான மட்டையில், தடித்த பேனையால், வாசலில் நின்று படிக்கக்கூடிய இலக்கத்தில் எழுதுங்கள். சோடிக்கு ஒரு மட்டை தேவையில்லை. கம்பனி வாரியாக அடுக்குவதை விட்டுவிட்டு விலை வாரியாக அடுக்கினால் தட்டுக்கு ஒரு மட்டை போதும். இந்தத் தட்டில் எதை எடுத்தாலும் இன்ன விலை என்று தெரிந்தால் அந்தத் தாய் நேராகத் தன் தட்டுக்குப் போவார். மற்றத் தட்டுகளைத் தொட்டுப் பார்க்கவும் அவருக்குத் தயக்கம் இருக்காது. ஏனெனில் விலை தெரிந்த பிறகு தொடுவதில் வெட்கமில்லை.

அடுத்தது செருப்பை வைக்கும் முறை. இதைப் பெரிய கடைகளே பிழையாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். சேட்டை எதிரே தொங்கவிட்டுப் பார்க்கிறோம், ஏனெனில் போட்டிருப்பவரை எதிரே நின்றுதான் பார்ப்போம். செருப்பு அப்படியல்ல. போட்டிருப்பவர் அதை மேலிருந்து பார்க்கிறார். கண் மட்டத்தில் உள்ள சமதட்டில் செருப்பை வைத்தால் தெரிவது அடிப்பாகத்தின் ஓரம் மட்டும். வார் எப்படி, உள்ளடி எப்படி என்று ஒன்றும் தெரியாது. எனவே இடுப்புக்கு மேலுள்ள தட்டுகள் முன்பக்கம் சரிந்திருக்க வேண்டும், குதி மேலாகவும் விரல் பக்கம் கீழாகவும். இடுப்புக்குக் கீழுள்ள தட்டு சமமாக இருந்தாலும் பரவாயில்லை, மேலிருந்து தெரியும். என் இறாக்கையை ஊர்த் தச்சர் ஒருவர் பனஞ்சலாகையில் அடித்துத் தந்தார். தட்டுக்கு மூன்று சலாகை. முன்னால் வழுக்கி விழாமல் இருக்க ஒரு மெல்லிய சட்டம். சலாகைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் வயல் பக்கத் தூசி தட்டில் தங்காமல் கீழே விழுந்துவிடும். மூன்று இலட்சம் அல்ல, அதில் பத்திலொன்று கூட ஆகவில்லை.

பிள்ளைகளின் செருப்பைப் பிள்ளைகளின் உயரத்திலேயே வையுங்கள். தாய் விலை பார்ப்பார், பிள்ளை நிறம் பார்க்கும். பூப்போட்ட செருப்பைத் தானே எடுத்துக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்கித் திருப்பி வைக்கத் தாய்க்கு மனம் வருவதில்லை. இதில் ஒரு சிறிய நியாயமும் வேண்டும். பிள்ளையின் கைக்கெட்டும் தட்டில் விலை கூடிய சாமானை வேண்டுமென்றே வைப்பது எனக்குப் பிடிக்காது. அது தாயைப் பொறியில் மாட்டும் வேலை. எங்கள் கடையில் கீழ்த்தட்டில் இருப்பவை எல்லாம் குறைந்த விலைச் சாமான்கள்.

வாசலில் தொங்கவிட்ட அந்த மாலைக்கு வருகிறேன். வெளிநாட்டுப் புத்தகம் எதிலும் இதைப் பார்க்க முடியாது. நம் சனங்களோடு பழகினால்தான் தெரியும். செருப்புத் தலையில் படுவதை நம்மவர் யாரும், எந்தச் சமயத்தவரானாலும், பொறுப்பதில்லை. நானோ உள்ளே வருபவரின் நெற்றியில் இடிக்கும் உயரத்தில் செருப்பைத் தொங்கவிட்டிருந்தேன். வயதான ஒரு ஐயா ஒவ்வொரு முறையும் குனிந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே வருவார். முதுகு வலியாக்கும் என்று நினைத்தேன். மாலையைக் கழற்றிப் பக்கச் சுவரில் நெஞ்சளவு உயரத்தில் கொழுவிய பிறகு அவர் நிமிர்ந்தே வந்தார். அதேபோல் பலசரக்கும் செருப்பும் ஒன்றாக விற்கும் கடைகளில், அரிசி மூட்டைக்கு மேலே செருப்புப் பெட்டி அடுக்கியிருப்பதைக் கண்டிருக்கிறேன். செருப்பு புதுசாகவே இருக்கலாம். வாங்குபவரின் மனம் ஏற்காது.

பாக்கோ அண்டர்ஹில் என்ற அமெரிக்கர் கடைகளில் ஆட்களைப் பின்தொடர்ந்து கவனிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர். நாம் ஏன் வாங்குகிறோம் என்பது பற்றி 1999 இல் ஒரு நூல் எழுதினார். அதிலுள்ள இரண்டு விடயங்கள் அடம்பனுக்கும் பொருந்துகின்றன. ஒன்று, கடைக்குள் நுழையும் முதல் சில அடிகளில் மனிதர் எதையும் கவனிப்பதில்லை. வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு வந்த கண்ணும் மனமும் பழக நேரம் எடுக்கும். மன்னார் வெயிலில் இது இன்னும் அதிகம். சின்னக் கடையில் அந்தச் சில அடிகளை வீணாக்க முடியாது என்பதால் என் மேசையையும் கல்லாப்பெட்டியையும் பின்சுவருக்குத் தள்ளிவிட்டு முன்பக்கத்தை வெறுமையாக விட்டேன். வெளி விறாந்தையில் ஒரு வாங்கு. சனம் அங்கே நின்று மூச்சு விட்டு, உள்ளே பார்த்து, பிறகு வரட்டும்.

இரண்டாவது விடயம் பெண்களைப் பற்றியது. நெருக்கமான வழியில் நின்று ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் போகிறவர் உரசிவிட்டால், அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுப் போய்விடுகிறார் என்பதை அவர் கவனித்துச் சொன்னார். அமெரிக்காவிலேயே அப்படியென்றால் நம்மூரில் சொல்ல வேண்டியதில்லை. பெண்களின் செருப்பைக் கடையின் மூலையில், பின்னால் வழியே இல்லாத இடத்தில் வைத்தேன். தட்டுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே நாலு அடி. நாலு அடி இடத்துக்கு இன்னும் ஒரு இறாக்கை போடலாமே என்று என் மச்சான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி இரண்டாவது கேள்வி. என் காலுக்கு வருமா?

இங்கே நாம் முதலில் இலக்கங்களை விளங்கிக்கொள்ள வேண்டும். நம் சந்தையில் இரண்டு முறைகள் கலந்து வருகின்றன. ஆங்கில முறையில் ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றிலொன்று, அதாவது ஏறத்தாழ எட்டரை மில்லிமீற்றர். 38, 39, 40 என்று வரும் ஐரோப்பிய முறையில் அது ஏழு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. அதனால் ஒரு முறையின் இலக்கம் மற்றதில் சரியாக உட்காராது. இதைவிடக் குழப்பம், ஆங்கில முறையில் சிறுவருக்குப் பதின்மூன்று வரை போய், பிறகு பெரியவருக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவது. சிறுவர் எட்டும் பெரியவர் எட்டும் வேறு வேறு. இரண்டுக்கும் நாலு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். வேலைக்கு நின்ற பொடியன் எட்டு என்று எழுதிய பெட்டிகளை எல்லாம் ஒரே அடுக்கில் வைத்து ஒரு பெருநாள் இரவு என்னைப் படுத்திய பாடு இன்னும் மறக்கவில்லை. பெட்டியின் முகப்பில் சிறுவருக்குப் பச்சை, பெண்களுக்குச் சிவப்பு, ஆண்களுக்குக் கறுப்பு மையில் இலக்கம் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் எங்கள் வாடிக்கையாளரில் பலருக்குத் தங்கள் இலக்கம் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. வயலில் வெறுங்காலோடு நடந்த பாதம் முன்பக்கம் அகன்றிருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து பெல்ஜியம் ஆய்வாளர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இதையே சொல்கிறது. நீளத்துக்கு ஏழு சரியென்றால் அகலத்துக்கு எட்டுத் தேவைப்படும். எட்டைக் கொடுத்தால் குதி பின்னால் தள்ளி நிற்கும். ஆகவே ஒவ்வொரு விலைத் தட்டிலும் அகன்ற வடிவம் ஒன்றாவது இருக்க வேண்டும். கொள்முதல் செய்யும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள். அகன்ற செருப்பு அழகில்லை என்று மொத்த வியாபாரி சொல்வார். அவர் அடம்பன் வரம்பில் நடந்தவரல்லர்.

போட்டுப் பார்ப்பதற்கு ஒரு கதிரை, கீழே ஒரு பாய். இதில் நான் செய்த இன்னொரு பிழையையும் சொல்கிறேன். நல்ல பாயை விரித்திருந்தேன். வயலிலிருந்து நேராக வந்த ஒருவர் தன் காலைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், "பிறகு வாறன்" என்று போய்விட்டார். மறுநாள் விறாந்தையில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு சாக்குத் துண்டும் வைத்தேன். அதற்கு மொத்தச் செலவு வாளியின் விலை. கடைக்கு நான் வாங்கிப் போட்ட பொருட்களில் அதிக வியாபாரம் தந்தது அந்த வாளிதான் என்று துணிந்து சொல்வேன்.

ஒரு சோடியை வைப்பதா, ஒற்றையை வைப்பதா என்று அந்தத் தம்பி கேட்டார். சாண்டல்ஸ், சப்பாத்து என்றால் ஒற்றை போதும். எல்லாவற்றிலும் இடது காலையே வையுங்கள்; அப்போது பெட்டிக்குள் இருப்பது எப்போதும் வலதுதான் என்று தெரியும், தேடிக் களைக்க வேண்டியதில்லை. ரப்பர் செருப்பு என்றால் சோடியாகவே வைக்கலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்: அளவுகள் முடிந்த மாதிரியைத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நாலாம் இலக்கமும் பதினோராம் இலக்கமும் மட்டுமே மிஞ்சிய செருப்பைத் தட்டில் வைத்துக்கொண்டு, கேட்பவரிடமெல்லாம் உங்கள் அளவு இல்லை என்று சொல்வது, இல்லாத சாமானை விளம்பரம் செய்வதற்குச் சமன். மிஞ்சிய அளவுகளை ஒரு பெட்டிக்குள் கொட்டி, இலக்கத்தை எழுதி, வாங்கிய விலைக்கே விறாந்தையில் வையுங்கள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரியை விற்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. புத்தளத்தில் நான் வேலை செய்த காலத்தில் ஒரு கறுப்பு ரப்பர் செருப்பு நன்றாக ஓடியது. முதலாளி அதையே மூட்டை மூட்டையாக இறக்கினார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலுக்கு வந்தால் பாதிச் செருப்பு ஒன்றைப் போலவே இருக்கும். மாறிப் போட்டுக்கொண்டு போனவர்களின் சண்டையெல்லாம் கடைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரே அச்சில் நாலு வார் நிறமாவது வைத்திருப்பது என் பழக்கம். பள்ளிவாசல், கோயில், வீட்டு வாசல் என்று நாளுக்குப் பலமுறை கழற்றிப் போடுகிற ஊரில், பக்கிள் பூட்டும் சாண்டல்ஸை முன்தட்டில் வைத்து இடத்தை அடைக்கவும் வேண்டாம்.

வெயில் எங்கள் எதிரி. என் கடை மேற்குப் பார்த்தது. பின்னேர வெயில் நேராக முன்தட்டில் விழும். அங்கிருந்த ரோஸ் நிறச் செருப்புகள் மூன்று மாதத்தில் வெளிறின. அதை விட மோசம், பாரமில்லாத ஈவிஏ செருப்புகள். அவை சூட்டில் சுருங்கும். தட்டிலிருந்த ஏழாம் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தவர் சிறிதென்றார். பெட்டியிலிருந்து எடுத்த அதே ஏழு அவருக்குப் பொருந்தியது. வெயிலில் வைத்தே ஆக வேண்டுமென்றால் தடித்த ரப்பரை வையுங்கள், கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். கறுப்பு ரப்பரும் வெள்ளை வாரும் ஒன்றோடொன்று தொட்டபடி கிடந்தால் வெள்ளையில் கறை இறங்கும், அதைத் துடைத்து எடுக்க முடியாது.

பியூ அடிப்பாகம் உள்ள சாண்டல்ஸைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். பார்க்க அழகு, போட மெத்தென்று இருக்கும். ஆனால் ஈரக் காற்றும் சூடும் சேர்ந்தால், போடாமல் பெட்டிக்குள் இருந்தாலும், சில வருடங்களில் அந்த அடிப்பாகம் உள்ளுக்குள்ளே சிதைந்து கேக் போல உதிரும். 2016 இல் மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து அறுபது சோடி வாங்கினேன். அவரிடம் அது எத்தனை வருடம் கிடந்ததோ! விற்ற முதல் கிழமையிலேயே மூன்று பேர் அடி கழன்ற செருப்போடு வந்தார்கள். மூவருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தேன். மிச்சத்தை வாசலில் வைத்து விற்றிருந்தால் முதலாவது தப்பியிருக்கும், ஆனால் ஊரில் எனக்கு முகம் இருந்திருக்காது. எல்லாவற்றையும் கொண்டு போய் எரித்தேன். அன்றிலிருந்து பெட்டி வந்த மாதத்தையும் வருடத்தையும் அதன் மேலேயே எழுதி வைக்கிறேன். புதுப்பெட்டி பின்னால், பழையது முன்னால். பியூ சாமானை ஒரு வருடத்துக்கு மேல் கடையில் வைத்திருப்பதில்லை.

முன்தட்டு எப்போதும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு, சேற்றில் வழுக்காத வரியுள்ள ரப்பர். மாசி, பங்குனியில் பெரும்போக நெல் அறுவடையாகிக் கையில் காசு புழங்கும்போது சாண்டல்ஸ், பெண்களின் நல்ல செருப்பு. அதே காலத்தில் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரியும் வரும். ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் போகிற சனம், நாள் முழுக்க நடக்கக்கூடிய, கழற்றிக் கையில் பிடிக்கக்கூடிய மெல்லிய செருப்பைத் தேடும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய பத்து நாளும் விடத்தல்தீவு, பெரியமடுப் பக்கத்திலிருந்து குடும்பமாக வருவார்கள். அப்போது ஒரே தட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே மாதிரியை அருகருகே வைத்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

அந்தத் தம்பி இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ கண்ணாடியே வேண்டாமா நானா?" என்று கேட்டார். ஒன்று வேண்டும் என்றேன். கதிரைக்கு எதிரே, நிலத்தோடு, கொஞ்சம் பின்னால் சாய்த்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. போட்ட காலை மேலிருந்து மட்டுமல்ல, மற்றவர் பார்க்கிற மாதிரியும் பார்க்கலாம். மன்னாரில் அளவு கொடுத்து வெட்டுவித்துக்கொண்டு போனார். பனஞ்சலாகைக்கு ஊர்த் தச்சரைப் பிடித்துவிட்டாராம். வாளி வாங்கினாரா என்று இன்னும் கேட்கவில்லை.